ரசனைக்காரரின் ஸ்போர்ட்ஸ் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதுப்பித்து, அதன் பதிவை நீட்டிக்க வந்தவரும் அவருடைய அத்தானும் ஆர்டிஓ அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்கள்.

"ஏசி வச்சுட்டே, சீட்டை மாத்திட்டே. இனி எதுலே ஒரிஜினல்?"

"வண்டி ஒரிஜினல் அத்தான். சௌகரியம் மட்டுந்தான் புதுசு."

"ஆரனையாவது விட்டிருக்கலாம்லா?"

"கழுத கத்துத மாதிரில்லா இருந்துச்சு."

"சேஸிஸைத் தொடலயே?"

"உப்புக்காத்துல துருவேறி, என்னமோ நம்பரு வேற கொத்தியிருந்தான். பாக்கவே அசிங்கம். அரத்தால ராவி வழவழன்னு ஆக்கிட்டேன்."

அத்தான் வரிசையிலிருந்து ஓரடி விலகி நின்றுகொண்டார். அந்த சேஸிஸ் நம்பர் இல்லாத காருக்குப் பதிவே கிடையாது.

ஆய்வாளர் நம்பரைப் பிரதியெடுக்க வெள்ளைத்தாளும் பென்சிலுமாகக் காரருகே குனிந்து தேடினார்.

"தடவிப் பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கும்," என்றார் கார்க்காரர்.