சுடலைமாடத்திக்காக நான் சொன்ன பதில்

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல டீ குடிக்கக் கிடைக்காது, சார். அதனால் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி கேண்டீனுக்குக் கூட்டிப்போய், பால் கூடுதலாக விட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். இந்தச் சாம்பசிவன் அண்ணாச்சி நல்ல மனுஷன் என்று நீங்கள் விசாரித்த இடத்திலெல்லாம் சொல்லியிருப்பார்களே.

தொண்ணூற்றெட்டில்தான் இந்த வேலைக்கு வந்தேன். எலிக்குக் கொடுத்துப் பலன் தெரிந்த ஒரு வாய்ப்புற்று மருந்தை முதல் தடவையாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணூர்க்காரர், தமிழ் ஓடாது. நோயாளிகளிடம் கேட்டு அவருக்குச் சொல்ல என்னை வைத்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை வரும்போது, கடைசியில் நன்றி சொல்லுமிடத்தில் என் பெயரையும் போடுவதாக டாக்டர் சொன்னார். சிரிக்காதீர்கள். கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

தோட்டத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட் டிஸ்பென்சரியில் மேலுக்கு முடியவில்லை என்று சொன்னால் வேலையிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். அதனால் எந்த டாக்டர் கேட்டாலும் "சொகமா இருக்கேன்" என்றுதான் வாயில் வரும். இது டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இங்கேயும் குறை சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று டீ குடிக்கும்போதே அவர்களிடம் சொல்லிவைத்தேன். அது பொய்யும் இல்லை.

சுடலைமாடத்தி கொழுந்து பறிக்கிறவள். கன்னத்தின் உட்புறம் புண். மருந்து தொடங்கி ஆறாவது வாரம் அது பாதியாகச் சுருங்கியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். அடுத்த வாரம் நர்ஸ் ரேஷ்மி என்னை வராந்தாவில் மடக்கினாள்.

"அண்ணா, அவங்க கண்ணு மஞ்சளா இருக்கல்லே? நீங்க ஒண்ணும் கேட்டில்லியா?"

"ரத்தமில்லாத உடம்பு, மோளே. அவங்களுக்கு எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

டாக்டர் டார்ச் அடித்து வாயைத்தான் பார்ப்பார். ரத்தம் எடுக்கும் நாளோ பத்தாவது வாரம். ஆனால் ரேஷ்மி என்னைப் பார்க்கும் பார்வை அதற்குப் பிறகு சரியில்லை. நோயாளிகள் சொன்னதாக நான் எழுதும் தாளை எட்டி எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து சுடலைமாடத்தியை வரச்சொன்னேன். உங்களுக்குப் புகார் எழுதிப்போட்டதும் ரேஷ்மியாகத்தான் இருக்கும்.

ஒன்பதாவது வாரம் சுடலைமாடத்தி வழக்கத்தை மீறிவிட்டாள். டாக்டர் முன்னாலேயே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒரு வாய் கஞ்சி தங்கல. நிக்க முடியல. இந்த மருந்து எனக்கு வேண்டாம்னு சொல்லிருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். சுகமாக இருக்கிறாள், மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறாள் என்று மலையாளத்தில் சொன்னேன். அவர் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அவள் கும்பிட்டாள். வெளியே வந்ததும், இது வேறு மாத்திரை, வயிற்றைப் புரட்டாது என்று சொல்லி அதே மாத்திரையைக் கையில் கொடுத்தேன். எனக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

நாலாம் நாள் எஸ்டேட் லயத்து வீட்டில் செத்துப்போனாள். மருந்துதான் கொன்றது, அது தெரிந்தே கொடுத்தவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது, சார். வெளியே பெஞ்சில் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் காத்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்காக டாக்டரிடம் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?