கெட்ட காத்து போற ஓட்டை

…சேச்சே, உங்கள குத்தம் சொல்லல நிஷா! நீங்களும் சாம்பிராணி போடுவீங்க, நாங்களும் போடுவோம், தப்பே இல்ல. ஆனா எங்க வூடு பூரா வாசம்லா! உங்க வூட்டுப் பொகைய எங்க மெசினு உறிஞ்சிருது.

என்ன மெசினா? அலமாக், தெரியாதா? என் மவன் ரூபேந்திரன் மாட்டினது. பேரனுக்கு வீசிங். ஜன்னல தொறந்தா ஃபேக்டரி பொகை, மூடினா மூச்சு முட்டுது. இது என்னா செய்யும்னா, ஏர்கான்ல குளுந்த பழைய காத்த வெளிய தள்ளி, வெளிய உள்ள புதுக் காத்த இழுக்கும். நடுவுல காயிதம் மாதிரி தடுப்பு. ஜோகூர் பாலத்துல போற பஸ்ஸும் வர்ற பஸ்ஸும் மாதிரி பக்கத்துல உரசிக்கிட்டுப் போவும், ஆனா கலக்காது. போறது தன் குளிர வர்றதுக்குக் குடுத்துட்டுப் போவும். வர்றது தன் புழுக்கத்த அதுகிட்ட தள்ளிவிட்டுரும். ஏர்கானுக்கு வேலை கொறச்சல்! தூசிக்கு ஃபில்டர் இருக்கு, வாசம் மட்டும் நிக்காதாம்.

போன வாரம் புள்ள இருமுன இருமல் இருக்கே… மருமவ லோஷினி, “இன்னொரு தடவ இந்த வாசம் வந்தா புள்ளைய கொண்டார மாட்டேன் அத்தை”ன்னுட்டா. எனக்கு அன்னிலேருந்து சோறு எறங்கல நிஷா. இன்னிக்கி வர்றாங்க, வர்ற வழில செனாய் ஊரு தாண்டிட்டாங்களாம்.

என்னது? நீங்க போடுறதே இல்லையா? பொகை ஆவாதா? பின்ன எங்கேருந்துலா வருது!

வாங்க, பால்கனிக்கு வாங்க. இந்தா, ரெண்டு ஓட்டை. ஒண்ணு நல்ல காத்து வர்றது, ஒண்ணு போறது. மாட்டுன அன்னிக்கே ரூபேந்திரன் சொன்னான், “கெட்ட காத்து இப்படிப் போயிரும்மா”ன்னு. எனக்கு திக்குனு ஆயிருச்சு! கெட்ட காத்து எங்க வூட்லயா? பச்சப் புள்ள வர்ற வூடு! போனது திரும்பி வந்துட்டா? அதான் போற ஓட்டைக்கு நேர் கீழ தெனமும் சட்டிய வச்சி… சாம்பிராணி… இந்தா, இப்பகூடப் பொகையுது… வெளியதானே போடுறேன்…

ஏன் சிரிக்கிறீங்க?

இருங்க. போற ஓட்டைன்னா பொகைய வெளியதான தள்ளணும்? இது என்ன, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற மாதிரி உள்ள இழுக்குது… ஐயையோ! ஓட்டை மாறி சட்டிய வச்சிட்டனா!

ஆத்தாடி, லிஃப்ட் சத்தம்! நிஷா, இந்த சட்டிய புடிங்க, துணியோட புடிங்க, சுடும். நீங்க போட்டதுன்னு சொல்லிடுறேன், உங்கள அவ ஒண்ணும் கேக்க மாட்டா… நிஷா? எங்க ஓடுறீங்க? கதவ ஏன் தாப்பா போடுறீங்க!

…வாம்மா லோஷினி. வாடா தங்கம். இதா? இது… பக்கத்து வூட்டு சட்டிம்மா.