நான்காவது மூலை

எடைமேடையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, ஐயா. நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். முதலில் கம்பித் தூரிகை, பிறகு காற்று, கடைசியில் உலர்ந்த துணி. இருபத்திரண்டு வருஷமாக நான் இந்த ஒழுங்கை மாற்றியதில்லை. மருந்துக் கம்பெனி, சிமெண்ட் கம்பெனி, இரும்புக் கிடங்கு என்று மாதம் பதினாறு இடங்களுக்கு எடைமேடை சோதிக்கப் போகிறேன். எங்கேயும் என் வேலையில் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் தேநீர் கொடுத்தீர்கள், நான் குடிக்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டம்ளரின் விளிம்பில் யாருடைய உதடோ பதிந்திருக்கிறது.

அந்த மீன்தூள் ஆலை என் பட்டியலில் பதினாறாவது. மாதத்தின் கடைசி விடுமுறை நாளில்தான் அங்கே போவேன். திரும்பி வந்ததும் நேராகக் குளியலறைக்குள் போய்விடலாம். கோழித் தீவனத்துக்காக மீன் கழிவை அரைக்கிற இடம். தலை, குடல், செவுள் என்று லாரி லாரியாக வரும். பின்வாசலில், லாரியை அப்படியே நிறுத்தி எடை போடுகிற மேடை. லாரிக்கு அடியில் ஒழுகுகிற தண்ணீர் மேடையின் இடுக்கு வழியாகக் குழிக்குள் இறங்கும். மேடையைத் தாங்கி எடையை உணர்கிற லோடுசெல்கள் அந்தக் குழியில்தான் இருக்கின்றன, மூலைக்கு ஒன்றாக. ஆள் இறங்குவதற்கு நான்காவது மூலையில் ஓர் இரும்பு மூடி. அதைத் தூக்கினால் முழங்கால் அளவு கறுப்புச் சகதி. அதன்மேல் வெள்ளையாக நெளியும். பார்த்துவிட்டு வந்தால் எனக்கு மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

மேடைக்குப் பக்கத்து அறையில் டிஸ்ப்ளேயைப் பார்த்து ரசீது போடுகிறவன்தான் அவன். பெயர் உங்கள் ஃபைலில் இருக்கிறது. லாரிக்காரர்கள் கிலோ என்று கூப்பிடுவார்கள். ஆளைவிடச் சிரிப்பு பத்துக் கிலோ கூடுதலாம். எடை போட்ட கையோடு சாப்பிடுவான், சாப்பிட்ட கையோடு எடை போடுவான். பட்டன்களெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். பாத்திரம் கழுவின தண்ணீரை அந்தக் குழி இடுக்கில்தான் ஊற்றுவான். ஒரு தடவை சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். "அங்க இருக்கிற நாத்தத்துல இது என்ன சார் தெரியப்போவுது?" என்று பல்லைக் காட்டினான்.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும்தான். அப்பா அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. நான்தான் வளர்த்தேன். இப்போது முப்பத்து நான்கு. வீட்டைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பாள். நான் எதற்கும் அவளைக் கட்டாயப்படுத்தியதில்லை. பிளீச்சிங் பவுடரில் விரலெல்லாம் வெடித்தபோது நானே கையுறை வாங்கிக் கொடுத்தேன். மாதாமாதம் என் ரிப்போர்ட்டுகளை முத்து முத்தான எழுத்தில் பிரதி எடுத்துத் தருவதும் அவள்தான். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மாதம் அந்த ஆலைக்கு ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவனுக்கும் அவளுக்கும் அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். சாப்பாடு போட அவள் குனிந்தபோது, காதோரம் முடியில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் மறைக்கவில்லை. "ஆமாண்ணா. கல்யாணம் பண்ணிக்கப் போறோம்," என்றாள். அவன் கையை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"வேலைதானேண்ணா அது. குளிச்சா போயிடும்." கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த வீட்ல நான் தொட்டதையெல்லாம் நீங்க திரும்பத் தொடைக்கிறீங்க. நான் தொட்ட கையக் கழுவவே மனசு வரலன்னு அவரு சொல்றாரு."

இதைப் போய்க் காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று தேதியும் குறித்தாயிற்று. அவள் போய்விட்டால் வீடு என்ன கதிக்கு ஆளாகும் என்று இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் சண்டை போடவில்லை. குரலை உயர்த்துவது என் வழக்கமில்லை.

அந்த விடுமுறை நாள் காலை எட்டு மணிக்கு ஆலைக்குப் போனேன். லோடுசெல்களைச் சுற்றி அடைத்திருந்த சகதியை வாரியாக வேண்டும். இல்லாவிட்டால் எடை தப்பும். லீவு நாளிலும் அவன் எனக்காக வந்து நின்றான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. மூடியைத் திறந்ததும் நான் மூக்கைப் பொத்தியதைப் பார்த்தான்.

"நீங்க எறங்காதீங்க மச்சான். உங்களுக்கு ஒத்துக்காது. நான் பாத்துக்கறேன். இந்தக் குழிய இன்னிக்குப் பளிங்கு மாதிரி ஆக்கிக் காட்டறேன். அப்புறமாச்சும் எங்கூட ஒக்காந்து ஒரு வாய் சாப்பிடணும் நீங்க."

சட்டையைக் கழற்றி அறையில் மாட்டிவிட்டு இறங்கினான். நான் இறங்கச் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட குழிக்கு விதிமுறை உண்டு. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட வேண்டும், காற்றாடி வைத்து உள்ளே ஊத வேண்டும். காற்றாடி என் வண்டியில்தான் இருந்தது. இறக்கவில்லை. அழுகின சகதியைக் கிளறினால் வாயு கிளம்பும். முதலில் கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். நாற்றம் போயிருக்காது, மூக்கு செத்துப்போயிருக்கும். எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித்தருகிற விஷயம் இது. ரசீது போடுகிறவனுக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

கால் மணி நேரம் போயிருக்கும். குழியின் அந்தக் கோடியிலிருந்து அவன் குரல் கேட்டது. சந்தோஷமான குரல்.

"மச்சான், நாத்தமே இல்ல இப்ப. வந்து பாருங்க."

ஏறி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மூடியை மூடினேன்.

அடுத்தது மூலைச் சோதனை. அதுவும் மாதாந்திர வேலைதான். ஒவ்வொரு மூலையிலும் இருபது கிலோ எடைக்கல் இருபத்தைந்தை அடுக்கி, டிஸ்ப்ளே ஐந்நூறு காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக முதல் மூலையில் தொடங்குவேன். அன்று நான்காவதில் தொடங்கினேன். மூடியின்மேல் நின்றபடியே தள்ளுவண்டியிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து மூடியின்மேலேயே வைத்தேன். கையுறை போட்டிருந்தேன். அவன் அந்தக் கோடியிலேயே சுரண்டிக்கொண்டிருந்தான். கடைசிக் கல்லை வைக்கிறபோதுதான் மூடிக்கு அடியில் வந்தான். தட்டினான். மச்சான் என்று கூப்பிட்டான். கல்யாணம் ஆவதற்கு முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

அறைக்குள் போய் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். ஐந்நூறு காட்ட வேண்டியது 440 காட்டியது. கீழேயிருந்து ஒருவன் தோளைக் கொடுத்து முட்டினால் மேடையில் அவ்வளவு பாரம் குறையும். அறுபது கிலோ, நல்ல பலம்தான். நேரத்தையும் சேர்த்து எழுதினேன். பிறகு 450. எழுதினேன். 470. அவன் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது; அது என்மேல் படாமல் ஒதுங்கி நின்றேன். 490. ஒன்பதாவது நிமிஷம் 500 வந்தது. அப்புறம் அசையவில்லை. மேடையில் ஒரு பழுதும் இல்லை.

மற்ற மூன்று மூலைகளையும் சோதித்து, கற்களைத் துடைத்து வண்டியில் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, முன்வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டேன். விஷவாயு, விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து ரிப்போர்ட்டைப் பிரதி எடுக்கத் தங்கையிடம் கொடுத்தேன். அழுதழுது முகம் வீங்கித்தான் இருந்தாள், இருந்தாலும் வேலை வேலைதானே. கிறுக்கலோடு கம்பெனிக்குக் கொடுக்க முடியாது. அந்த எண்களை மாற்றி எழுதித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பார்த்ததை மாற்றி எழுதுவதா? அந்த மாதிரி அசிங்கமெல்லாம் நான் செய்ததில்லை, ஐயா.

பாதிச் சாப்பாட்டில் இருந்தவள், பக்கத்தில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இரும்புக் கல்லு எப்படிண்ணா எடை குறையும்?" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாகப் பிரதி எடுக்கிறவள். மூடி எந்த மூலையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஐந்நூறில் விரல் நின்றது.

"ஒன்பது நிமிஷம்," என்றாள்.

தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆமாம், மூடியை மூடியது நான்தான். கல்லை அடுக்கியதும் நான்தான். அவன் சாவான் என்று தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். பேனா என்னிடமே இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். அன்று எழுந்து வந்த அவசரத்தில் அவள் எச்சில் தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டாள். என்னை இங்கே கொண்டுவந்து மூன்று நாள் ஆகிறது, அவளும் வீட்டுக்குத் திரும்பவில்லையாம். ஈ மொய்த்துப் புழுத்திருக்கும். கண்ணை மூடினால் அந்தத் தட்டுதான் வந்து நிற்கிறது. அவளை ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பி, அதைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள்.