விருந்து வீட்டு லென்ஸ்

அழகுமலை: நாடிய இந்தத் தாங்கியில வச்சு நேராப் பாருங்க... கண்ணச் சிமிட்டாதீங்க மாப்பிள்ளை!

சேனாதிபதி: எப்படிங்க சிமிட்டாம இருக்க? காலையில இருந்து மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. நீங்க குடுத்த லென்ஸுதானே!

அழகுமலை: கல்யாணத்துக்கு முன்னாடி மாட்டிவிட்டப்ப சிரிச்சுக்கிட்டேல்ல போனீக...

சேனாதிபதி: மெதுவாங்க! திரைக்கு அங்கிட்டு யாரு?

அழகுமலை: ஒரு அம்மா. லென்ஸு பொருந்துதான்னு பாக்க, கண்ணுல மஞ்சச் சாயம் விட்டு ஒக்கார வச்சிருக்கேன். அவுகளுக்கு உங்களுக்கு நேர்மாறு. சிமிட்டுனா லென்ஸு வழுக்கிக் கீழ எறங்குதாம்.

சேனாதிபதி: சரி, வெரசா பாருங்க. பூண்டு வியாபாரியப் பாக்கப் போறேன்னு பொஞ்சாதிகிட்ட புளுகிட்டு வந்திருக்கேன்.

அழகுமலை: அட... இன்னுமா சொல்லல?

சேனாதிபதி: எப்படிச் சொல்றது? எனக்கு முன்னாடி வந்த மாப்பிள்ளைய, சோடாபுட்டிக் கண்ணாடின்னு திருப்பி அனுப்புன வீடுங்க அது! தெரிஞ்சா அவ முகத்துல எப்படி முழிப்பேன்? ஏமாத்திட்டேன்னுதானே நெனப்பா...

அழகுமலை: லென்ஸக் கழட்டுறேன், அசையாதீங்க... அளந்து பாப்போம்... என்னங்க இது! உங்க கருவிழி வளைவு ஏழு புள்ளி ஒம்பது மில்லிமீட்டர். லென்ஸு ஏழரையில இருக்கு.

சேனாதிபதி: அது எனக்குப் புடிச்ச ஏழரைங்க!

அழகுமலை: வெளையாட்டில்ல. உங்க கண்ணு தட்டை, இது குழி. அதான் ஓரம் கவ்விப் புடிக்குது, கண்ணீர் உள்ள போக வழியில்ல. இது நான் உங்களுக்குக் குடுத்த லென்ஸே இல்ல. ராத்திரி எங்க வச்சீக?

சேனாதிபதி: லென்ஸு டப்பிய பழனியில எங்க வீட்டுலயே விட்டுட்டேன். இங்க அவ சித்தப்பா வீட்டுக்கு விருந்துக்கு வந்தோம். சாமி அலமாரியில தீர்த்தக் கிண்ணி இருந்துச்சு... முருகனுக்கு வச்ச தண்ணிய யாரு தொடப் போறான்னு...

அழகுமலை: அதுலயா போட்டீக! சித்தப்பா குடிச்சிருந்தா?

சேனாதிபதி: குடிக்கலையே! காலையில தடவிப் பாத்தேன், ரெண்டும் பத்திரமா கெடந்துச்சு.

அழகுமலை: உங்களுக்கு முன்னாடி யாராச்சும் கிண்ணிகிட்ட போனாகளா?

சேனாதிபதி: அவதான் வெள்ளனே எந்திரிச்சுச் சாமி கும்பிட்டா. அப்பறம் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குக் கெளம்பிட்டா. தங்கம்ங்க... ஒளிவு மறைவுன்னா என்னன்னே தெரியாது.

அழகுமலை: ம்... அம்மா, இங்கிட்டு வாங்க.

சேனாதிபதி: ஏங்க! வெளி ஆளப் போயி எதுக்கு...

விசாலாட்சி: பூண்டு என்ன வெலை சொன்னாரு?

சேனாதிபதி: இந்தக் குரலு... விசாலாட்சியா? நீ கோயிலுக்கு...

விசாலாட்சி: கோயில் எங்க ஓடிப் போகுது? மொதல்ல என் லென்ஸக் குடுங்க. உங்களுது ரெண்டும் என் கண்ணுல நிக்கவே மாட்டேங்குது.

சேனாதிபதி: ஒனக்குமா...! அந்தக் கிண்ணியிலயா?

விசாலாட்சி: சித்தி வீட்டுல ஒளிக்க வேற எடம் ஏது?

சேனாதிபதி: எம்மேல... கோவமா?

விசாலாட்சி: பின்ன இருக்காதா? அந்தச் சோடாபுட்டி மாப்பிள்ளைய வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னதே நான்தான். குடும்பத்துல ஒருத்தருக்காச்சும் கண்ணு நல்லாத் தெரியணுமேன்னுதான் உங்களுக்குக் கழுத்த நீட்டுனேன்!