ஸ்டார் தூக்காத வீடு

ஹலோ... ஹலோ! ஷிபு, வச்சிராத, வச்சிராத மோனே... ஆமா, நாந்தான். பேக்கரி அருமைநாயகம்தான்... ஆமா, நேத்தும் நாந்தான் கூப்பிட்டேன். நீதான் வேலையா நிக்கேன், பொறவு கூப்பிடுங்கன்னு வச்சே. இப்போ பொறவு ஆயாச்சு...

ஏசமாட்டேன். ஏசமாட்டேன்டே. சத்தியமா ஏசமாட்டேன். கொஞ்சம் காது குடு... கடையிலதான் நிக்கேன். முதலாளி சாப்பிடப் போயிருக்காரு. நியூ இயர் கேக்குக்கு ஆளு வந்துகிட்டே இருக்கு, நடுவுல நான் அங்க இங்க பேசுவேன், நீ லைன்லயே நில்லு...

வேற என்ன? அந்தப் படந்தான்... கிறிஸ்மஸ் அன்னைக்கு சாயங்காலம் உனக்க கேபிள்ல போட்டியே, எலும்புப் பொம்மப் படம். பாதியில நிறுத்திட்டு சினிமாப் பாட்டு போட்டியே, அது... அதத் திரும்ப ஒரு தடவ போடு...

ஏன் முடியாது? கேசட் போச்சா?... இருக்குல்லா? பொறவு என்ன?... ஓ. யாரோ நிறுத்தச் சொன்னாவ. யாரோ. எனக்குத் தெரியும்டே அந்த யாரோவ. சபை செக்ரட்டரி வேதமாணிக்கம்தான? ‘பெருநாளும் அதுவுமா பேய்ப்படம் போடுகியா’ன்னு கேட்டிருப்பாரு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல்ல வச்சு நல்லாக் குடுத்தேன். ‘ஒமக்கு வேற வேல இல்லியா வே’ன்னு நாலு பேரு கேக்கக் கேட்டேன்... அவரு முழிச்சாரு. ஒண்ணும் தெரியாத மாதிரி முழிச்சாரு. நல்ல நடிப்பு...

என்ன?... அவரு இல்லியா? பொறவு யாரு?... சரி சரி, சொல்லாண்டாம். எவனா இருந்தா எனக்கென்ன. எனக்குப் படம் போடணும், அவ்வளவுதான்...

ஒரு நிமிஷம்டே... ஆ, சேச்சி, எந்து வேணம்?... பிளம் கேக்கா? அந்த அலமாரியில, மேல் தட்டு, மேல் தட்டு... பேரு எழுத நேரமாவும் சேச்சி, வைகிட்டு வந்நால் மதி... ஆ, சாயங்காலம், ஓக்கே, ஓக்கே.

ஷிபு? இருக்கியா?... இருக்க. நல்ல பிள்ள. கேளு. நீ கேக்க, இது என்ன பெரிய படம்னு. சின்னப் பிள்ளையளுக்கு எடுத்த படம், இந்த வயசுல இந்த ஆளுக்கு என்ன கிறுக்குன்னு நெனைக்க... நெனைக்க, நெனைக்க. நான் உனக்க எடத்துல இருந்தா அப்படித்தான் நெனைப்பேன்.

எனக்க மக சுஜா போனது உனக்குத் தெரியும்லா?... ஆமா. ஸ்கூல் தொறந்த ஒடனே. காய்ச்சல்தான். தலைக்குள்ள கேறிட்டுன்னு சொன்னாவ... ஆமா, நீ அடக்கத்துக்கு வந்திருந்த. மைக்செட்டுக்கு வயர் வலிச்சதே நீதான். மறக்கல்ல மோனே...

அதனால இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்ல. எழவு வீட்டுல ஒரு வருஷம் வாசல்ல ஸ்டார் தூக்கப்பிடாதுல்லா. பலகாரம் சுடப்பிடாது. நான் எனக்க கையால ஊருக்கெல்லாம் கேக் போடுகேன், எனக்க வீட்டுல ஒரு துண்டு கெடையாது. சரி, அது மொறை. அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லல்ல. ஆனா வீடு வீடாப் பாடுக கேரல் பார்ட்டி வந்துல்லா, அன்னைக்குத்தான்... அந்த வயத்தெரிச்சல நான் யாருகிட்ட சொல்ல?

ரெயில்வே கேட்டுல இருந்தே டிரம்மு கேக்கு. நல்ல அடி. எனக்க வீட்டுக்காரி ரத்னாபாயி அடுக்களையில நிக்கா. அந்தப் பிள்ளையளு எங்க வீட்டு முன்னால வந்ததும் டிரம்ம நிறுத்திட்டாவ. பாட்டையும் நிறுத்திட்டாவ. செருப்புச் சத்தங்கூட கேக்காம, பைய, பைய நடந்து போறாவ. எங்களுக்கு மரியாத குடுக்காவளாம். அங்கன பக்கத்துல அஸ்வதி வீட்டு வாசல் போனதும் திரும்ப டம்மு டம்முன்னு... ரத்னாபாயி கையில கரண்டியோட நிக்கா. அந்தப் பிள்ளையளு ரெண்டு ஏச்சு ஏசிட்டுப் போயிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது கேட்டியா.

...அதாண்டே. அதத்தான் சொல்ல வாறேன். அப்படி இருக்கும்போது நீ அந்தப் படத்தப் போட்ட. பாஷ ஒண்ணும் வெளங்கல்ல. வெளங்கணும்னும் இல்ல. கல்லறைத் தோட்டத்துல எல்லாம் எலும்புப் பொம்மை. அதுகளுக்கும் கிறிஸ்மஸ். அதுகளும் கேரல் போவுதுக. ஒருத்தன் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கெட்டுகான், நம்ம பயலுவ கெட்டுக மாதிரியே, வயித்துக்குத் தலகாணி வச்சு. அவனுக்கு வயிறே இல்லியே! வச்ச தலகாணி விலா எலும்பு வழியா பொத்துன்னு கீழ விழுது. எடுத்து வைக்கான், திரும்ப விழுது. இன்னொருத்தன் டிரம்மு இல்லாம பக்கத்துல நிக்கிறவனுக்க நெஞ்செலும்புல அடிக்கான்... சிரிக்கியா? சிரி, சிரி. சிரிக்கத்தான் எடுத்திருக்கான்.

அவளும் சிரிச்சாடே... ரத்னாபாயி. சேலத் தலப்ப வாயில பொத்திட்டு உக்காந்திருக்கா, தோளு குலுங்குது. நான் அழுகான்னுதான் நெனச்சேன். இத்தன மாசமா நான் பாத்தது அது ஒண்ணத்தானே. பக்கத்துல போயிப் பாத்தா, சிரிக்கா! கண்ணுல தண்ணி வழியச் சிரிக்கா. எனக்கு என்ன செய்யணும்னே தெரியல்ல. அசையாம நின்னேன். அசைஞ்சா நின்னு போயிரும்னு ஒரு பயம்...

ஆமாமா. பேய்ப்படந்தான். இருக்கட்டுமே! செத்ததுகள வச்சு அவன் பயங்காட்டல்லியே. ‘தேவ சித்தம், நல்லதுக்குத்தான்’னு பிரசங்கமும் வைக்கல்ல. எங்க வீட்டுக்கு வாறவனெல்லாம் அதத்தான் சொல்லுகான், கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. அந்தப் படத்துல அப்படி ஒண்ணும் இல்ல. செத்ததும் ஒரு பிள்ள, அதுக்கும் பெருநாள் உண்டு, அவ்வளவுதான். அதுக போறது எந்த வீட்டுக்கு, கவனிச்சியா? வெளிச்சம் உள்ள வீட்டுக்குப் போவாது. ஸ்டார் தூக்காத வீடாப் பாத்துப் பாத்துப் போவுது. இருட்டு வீட்டுக்கு மட்டுந்தான் போவுது. அதப் பாத்ததும் எனக்கு... சரி, விடு.

...ஆங்? அது எப்படி எடுக்கது?... பொம்மைய அனக்காம வச்சு ஒரு போட்டோ... பொறவு கொஞ்சம் நகத்தி ஒரு போட்டோ... ஓஹோ. அப்போ ஒரு கைய ஆட்டுகதுக்கே ஒரு நாள் போவுமே! நான் நெனச்சேன். அந்தக் கூட்டத்துல ஒரு குட்டி எலும்புப் பொம்ம உண்டுல்லா, அதுக்குக் கன்னத்துல வெரல் பட்ட தடம் இருந்து. நாள் முழுக்க மாவு உருட்டுகவனுக்கு அது தெரியாதா... எவனோ ஒருத்தன் கூடவே உக்காந்து உக்காந்து நடக்க வச்சிருக்கான் பாரு. உசுரு இல்லாத ஒண்ண நாலு அடி நடத்தணும்னா அவ்வளவு பொறும வேணும். எனக்குப் பொறும உண்டுடே. பொறுமையினால முடியும்னா நான்...

ஆ, சேட்டா, வருந்நு, வருந்நு. முட்ட பப்ஸ் தீர்ந்நு போயி... வெஜிடபிள் உண்டு. எத்தர?... அவிடெ வச்சிட்டுப் போங்க சேட்டா, சில்லறை பின்ன வாங்கிக்கலாம்.

ஹலோ. ஷிபு, சுருக்கிச் சொல்லுகேன். அந்தக் குட்டி எலும்பு, எல்லாத்துக்கும் பொறத்தால போவும்லா, நொண்டி நொண்டி, அது ஒரு இருட்டு வீட்டு வாசல்ல போயி நிக்கும். கதவத் தட்டுகதுக்குக் கையத் தூக்கும். அங்கதான் நீ நிறுத்தின. எங்கன கொண்டு வந்து நிறுத்தியிருக்க பாரு! அன்னைக்கு உன்ன நான் ஏசின ஏச்சு உனக்குக் கேக்காதது நல்லது. அன்னையில இருந்து அவ திரும்பவும் பழைய மாதிரி. சொவரப் பாத்து உக்காந்திருக்கா. அந்தச் சிரிப்பு இனி அவ மொகத்துல வருமான்னு எனக்குத் தெரியல்ல. அந்தப் படம் வந்தா வரும். அதத்தான் கேக்கேன். உன்கிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கல்லியே...

என்ன சொல்லுக?... சொல்லு. இவ்வளவு நேரம் நான் பேசினேன், இனி நீ சொல்லு...

யாரு?

...எங்க வீட்டுல இருந்தா? எங்க வீட்டுல போனே கெடையாதேடே... அஸ்வதி வீட்டுல இருந்து. பொம்பள சத்தம்... பேரு சொன்னாளா?... ரத்னாபாயின்னே சொன்னாளா?

இல்ல. இல்ல, இருக்காது. அவ எனக்குப் பக்கத்துலல்லா உக்காந்திருந்தா... நடுவுல ஒரு தடவ எழும்பினா. ஆமா. குழாயில தண்ணி வந்திருக்கான்னு பாத்துட்டு வாறேன்னு சொன்னா. நான் டி.வி.யத்தான் பாத்துட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல நீ படத்த மாத்தின. நான் உன்ன ஏசிகிட்டு நிக்கேன், அவ உள்ள வந்தா... கையில கொடம் இல்ல. அத நான் அன்னைக்கு நெனைக்கல்ல பாரு. கொடம் எடுக்காம என்ன தண்ணி...

ஆ. சொல்லு. கேட்டுட்டுதான் நிக்கேன்... என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு, நீயா ஒண்ணும் கூட்டாத...

‘அந்தப் பிள்ள கதவத் தட்டப் போவுது மோனே, அதுக்கு மின்ன நிறுத்து.’

...

இருக்கேன். இருக்கேன்... அழுதாளா? இல்லியா. பதறினா மட்டும்... ‘அது தட்டினா என்னால இருக்க முடியாது’ன்னு... ம். ம்.

பாவம், வேதமாணிக்கம் சார். அந்த மனுசன நான் நாலு பேரு மின்ன... நாளைக்குப் போயிக் கால்ல விழுந்திர வேண்டியதுதான். அவரு நடிக்கல்ல. உள்ளபடியே முழிச்சிருக்காரு.

இல்ல மோனே, உன் மேல என்ன தப்பு. ஒரு தாயி கேட்டா, நீ நிறுத்தின. நான் கேட்டாலும் நிறுத்தணும், அவ கேட்டாலும் நிறுத்தணும். சந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான...

போடாண்டாம்... வேண்டாம்டே. நாளைக்கும் வேண்டாம், என்னைக்கும் வேண்டாம். கேசட்ட எடுத்த எடத்துல குடுத்திரு. சிரிச்சாளேன்னு நான் துள்ளிகிட்டு வந்தேன். அந்தச் சிரிப்ப நிறுத்த அவளே எழும்பிப் போயிருக்கா. பொறவு நான் யாருக்குப் படம் காட்ட?

...ஷிபு. நீ அந்தப் படம் முழுசாப் பாத்திருக்கியா?... பாத்திருக்க. அப்போ ஒண்ணு கேக்கேன். கதவு தொறந்தாவளா?

சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆவாது, சொல்லு...

தொறக்கல்ல.

உள்ள ஆளு உண்டுமா?... உண்டு. அம்மையும் அப்பனும். உள்ளயே இருக்காவ. எலும்பு சத்தம் கேட்டுப் பயந்து... ஓ. காத்தாக்கும்னு நெனச்சு. அது தட்டித் தட்டி... பொறவு?... விடிஞ்சதும் எல்லாம் மண்ணுக்குள்ள போயிருது. அதும் போயிருது... ம். காலம்பற கதவத் தொறந்து பாக்காவ. வாசல்ல மண்ணு கெடக்கு, தூத்து வாருகாவ. அதோட தீந்திருது. 

நல்ல படந்தான் எடுத்திருக்கான் பாவி. உள்ளத உள்ளபடி எடுத்திருக்கான்.

சரி மோனே. ஒரே ஒரு காரியம் செய்யி. நான் கூப்பிட்டேன்னு அவளுக்குத் தெரியாண்டாம். அவ எப்பமாவது உன்ன வழியில பாத்து, இல்ல போன் செய்து, அந்தப் பிள்ள என்ன ஆச்சுன்னு கேட்டா, கதவு தொறந்தாவன்னு சொல்லு. தொறந்து, உள்ள கூட்டிட்டுப் போயி, கேக் குடுத்தாவன்னு சொல்லு. பொய்தான். பாவம் எனக்கு வரட்டும், நீ சொல்லு...

என்னது?... அவ கேட்டாச்சா?

எப்போ கேட்டா?

...இன்னைக்குக் காலம்பறயா? நான் வேலைக்கு எறங்கின பொறவா?... அஸ்வதி வீட்டுல இருந்துதான்... நீ என்ன சொன்ன?

உள்ளதச் சொன்னியா.

இல்ல, உன்ன ஏசல்ல. ஏசமாட்டேன்னு சொன்னேன்லா. உனக்கு எப்படித் தெரியும், நீ ஒரு படத்துக்க கதயச் சொன்ன, அவ்வளவுதான... தூத்து வாருனதையும் சொன்னியா?... சொல்லிட்ட.

அவ என்ன சொன்னா?

போன வச்சிட்டாளா... ம்.

இல்லடே, ஆளு யாரும் நிக்கல்ல. கடை சும்மாதான் கெடக்கு... வீட்டுக்குப் போகணும், அவ தனியா இருக்கா. முதலாளி வரட்டும்னு நிக்க முடியாது. தொறந்து போட்டுட்டுப் போறேன், எவன் எடுத்தாலும் எடுத்துட்டுப் போகட்டும்...

நீ வையி மோனே. இல்ல, நான் வைக்கேன்.