எச்சில் கடவுச்சொல்

சாப்பிடும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லையே, ஐயா.

எங்கள் கம்பெனியின் தகவல்கள் திருடு போனது, விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். ஊழியர்கள் அத்தனை பேரின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வெளியே போய்விட்டன. நான் கம்ப்யூட்டர் பிரிவு. ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களுடைய கணக்குகளுக்கு நல்ல பூட்டாகப் போட்டுக் கொடுப்பது என் வேலை. மனிதர்கள் எவ்வளவு அசிங்கம் என்று அப்போதுதான் பார்த்தேன். வங்கிக்கும் மெயிலுக்கும் துணிக்கடைக்கும் ஒரே கடவுச்சொல். வாயில் வைத்த கரண்டியையே எல்லாப் பாத்திரத்திலும் விட்டுக் கிண்டுவதுபோல.

சம்பளப் பிரிவு அக்கா அதில் முதல் ஆள். இறந்துபோன மகளின் செல்லப் பெயர்தான் எல்லாவற்றுக்கும். மத்தியானம் எனக்கு எதிரில் வந்து உட்காருவார். சாப்பிட்ட விரலாலேயே போனைத் தட்டி, மகள் எப்போதோ பேசி அனுப்பிய குரல் பதிவைப் போடுவார். பிறகு அழுகை. மூக்கைச் சிந்திய கைக்குட்டை என் டிபன் டப்பாவை ஒட்டிக் கிடக்கும். நான் இடம் மாறினாலும் தேடி வந்துவிடுவார். "நீ என் கூடப் பொறந்தவன் மாதிரிப்பா" என்பார்.

கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றேன்.

"அவ பேரை எடுத்துட்டா வேற எதுப்பா என் ஞாபகத்துல நிக்கும்? நீயே பார்த்து மாத்திக் குடு தம்பி" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனார். திரை பிசுபிசுத்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

புதிய கடவுச்சொல், போனுக்கு எண் வரும் இரண்டாவது சரிபார்ப்பு, எல்லாம் முறைப்படி செய்தேன். பிறகு கணக்குக்குள் இருந்த மகளின் குரல் பதிவை அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் குப்பைக் கூடையையும் காலி செய்தேன். அது வேறெங்கும் இல்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

"திருடனுங்க உள்ள புகுந்து அழிச்சிட்டானுங்க அக்கா" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அவ குரல் எனக்கு மறந்துடுமேப்பா" என்றார், திரும்பத் திரும்ப. மறுநாளிலிருந்து சாப்பாட்டு அறைப் பக்கம் வரவில்லை. சாப்பிடுவதையே விட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக உணவு ஏற்றுகிறார்களாம். அந்தக் குழாயை எப்படிக் கழுவுவார்களோ.

கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். எந்தத் திருடனும் அந்தக் கணக்கைத் தொடவில்லை. நான்தான் அழித்தேன். அப்படியென்ன பொக்கிஷம் என்று அழிப்பதற்கு முன் முதல்முறையாகக் காது கொடுத்துப் போட்டுக் கேட்டேன். "அம்மா, சாப்பிட்டியா? நேரத்துக்குச் சாப்பிடு, என்ன?" அவ்வளவுதான், ஐயா. இதற்கா அத்தனை மூக்குச்சிந்தல்.

என் போனில் ஒரு பிரதி இருப்பது உண்மை. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்தேன். அந்த அம்மாவிடமே கொடுத்துவிடு என்கிறீர்கள். கொடுத்தால் மறுபடியும் அந்த எச்சில் விரல்தானே அதன்மேல் படும். என்னிடம் சுத்தமாக இருக்கிறது. வீட்டில் தனியாகச் சாப்பிட உட்காரும்போது மட்டும் போட்டுக் கேட்பேன். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன்.