பொட்டுத் தூசி இல்லாத பட்டறை

அந்த நாற்காலியில் தாராளமாக உட்காருங்கள், சார். கைக்குட்டையால் தட்ட வேண்டியதில்லை. மரவேலை நடக்கிற அறை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தவர்கள் வெள்ளைச் சட்டையோடேதான் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடையில் விற்கிற தூசி உறிஞ்சும் மெஷினின் விலையைக் கேட்டால் மரத்தையே தொட வேண்டாம் என்று தோன்றிவிடும். அதனால் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினேன். என் மனைவி தூக்கிப் போடச் சொன்ன பழைய வாக்குவம் கிளீனர், பெயிண்ட் அடிக்க வந்தவர் விட்டுப்போன வாளி, வீடு கட்டியபோது மிஞ்சிய தண்ணீர்க் குழாய்கள். வாளியின் மூடியில் குழாயைச் சாய்வாகப் பொருத்தினால் காற்று உள்ளே சுற்றிச் சுற்றி வரும். சீவலும் தூளும் அடியில் தங்கிவிடும். இணைப்புகளில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினேன். முதல்முறை ஓட்டியபோது இழுவை தாங்காமல் வாளி சப்பிப்போய் என்னைப் பார்த்து இளித்தது. உள்ளே ஒரு மரவளையம் செய்து வைத்தேன். பிறகு அது இளிக்கவில்லை.

ஆனால் வாளியில் விழுவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தூள். மாவைவிட நைசான தூசி வாளியை ஏமாற்றிவிட்டு மெஷினுக்குள் போய் ஃபில்டரை அடைக்கும். அடைத்தால் இழுவை செத்துவிடும். தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய், கடைசியில் ஃபில்டரையே கழற்றி எறிந்தேன். அப்புறம் மெஷின் கக்குகிற காற்றை எங்கேயாவது வெளியே விட்டாக வேண்டும். தெருப்பக்கம் விட்டேன், எதிர்வீட்டுக்காரர் தன் காரைத் துடைத்துக்கொண்டே என் பரம்பரையை விசாரித்தார். பின்பக்கம் விட்டேன்; கொடியில் காய்ந்த துணியெல்லாம் பழுப்பேறி, மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது ஒரு சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம் மச்சானின் அறை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். விளம்பரங்களுக்கும் ஆடியோ புத்தகங்களுக்கும் குரல் கொடுப்பவர். தனிக்கட்டை. வேறு வீடு பார்க்கிறவரை இருக்கிறேன் என்று வந்தவர், பார்ப்பதையே விட்டுவிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சார். நல்ல மனிதர். கூடமாட வேலை செய்வார். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இழுப்பு உண்டு. இன்ஹேலரைச் சட்டைப்பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிவார். ஆனாலும் அந்தக் குரல் கணீரென்று இருக்கும். வீட்டில் அந்தக் குரல் எட்டாத இடம் கிடையாது.

ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நான் செய்த ஸ்டூலை ஒருவர் இழுத்துப்போட்டார். மச்சான் அவரைக் கையமர்த்தி, "மாப்பிள்ளை செஞ்ச ஸ்டூலுங்க. வீட்ல சொல்லிட்டுத்தானே வந்தீங்க?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் என் மனைவி சிரித்தது வேறு மாதிரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நானும் வேடிக்கையாகப் பேசுகிறவன்தான், நீங்களே கவனித்திருப்பீர்கள். அன்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்த வாரம் மச்சானே ஓர் உதவி கேட்டு வந்தார். ஒலிப்பதிவின்போது வெளிச்சத்தம் நுழைகிறதாம். அறையை அடைத்துத் தர முடியுமா என்றார். ஜன்னல்களுக்குப் பலகையும் ரப்பர் பட்டையும் வைத்துத் தந்தேன். கதவிடுக்கையும் விடவில்லை. சுவரெங்கும் அவர் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார். மேல்மூலையில் இருந்த காற்றுத்துளையையும் அடைத்துவிட்டேன் என்று சொன்னேன். அடைக்கவில்லை. கம்பளிக்குப் பின்னால், என் குழாயின் வாயை அங்கே கொண்டுபோய் வைத்தேன். பட்டறைப் பக்கம் நான் குழாயை ஏற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டது அவர்தான். இது எங்கே போகிறது என்று கேட்டார். கூரைக்கு மேலே என்றேன். மாப்பிள்ளைக்கு மூளை இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூலையில் அடுக்கியிருக்கிற சிவப்புப் பலகைகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா. அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது, இழுப்புக்காரர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது என்று மரக்கடைக்காரர் எச்சரித்தார். நல்ல மனிதர்; தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். கடையில் இருந்த மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன். முதலில் அதில் அலமாரி, முக்காலி என்று ஏதேதோ செய்தேன். பிறகு எதுவும் செய்யவில்லை. பலகையை எடுத்து மேஜையில் வைத்து, உப்புத்தாள் மெஷினால் தேய்ப்பேன். அது காகிதமாக மெலிந்ததும் அடுத்ததை எடுப்பேன். உண்மையில் மனசுக்கு இதமான வேலை அது.

மச்சானின் குரல் கரகரக்கத் தொடங்கியது. வேலைகள் கைநழுவின. மேஜையில் படிகிற சிவப்பைத் துடைத்துக்கொண்டு, தெருப்புழுதி என்று திட்டினார். ஜன்னல்களை இன்னும் இறுக்கித் தரச் சொன்னார். இறுக்கித் தந்தேன். டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் மரவேலை நடக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளை பட்டறைக்கு வந்து பாருங்க டாக்டர். பொட்டுத் தூசி இருக்காது. மெஷினைக்கூட அவரே செஞ்சாரு."

மூச்சு வாங்கிக்கொண்டே அதைச் சொன்னார். அவர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். கேட்க நன்றாக இருந்தது. அன்று மட்டும் நான் மெஷினைப் போடவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவர் ஒலிப்பதிவு தொடங்கும்போது சுவரில் தட்டுவார்; நான் மெஷினை நிறுத்திவிடுவேன். போன மாதம் ஒரு முற்பகலில் தட்டினார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் நிறுத்தவில்லை. மறுபடி தட்டினார். ஒலிப்பதிவுக்குத் தட்டுகிற தட்டு அது இல்லை என்று தெரிந்தது. சுவரின் அடிப்பக்கத்தில், தரையையொட்டித் தட்டினார். நான் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் பலகை மேடுபள்ளமாகிவிடும், சார். தட்டுவது நின்ற பிறகும் அதை முடித்துவிட்டுத்தான் போனேன். அவர் கையில் இன்ஹேலர் இருந்தது. தீர்ந்துபோயிருந்தது.

டாக்டர் சந்தேகப்பட்டுத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார் என்று தெரியும். கம்பளியை விலக்கிப் பாருங்கள், குழாய் அங்கேதான் இருக்கிறது. செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன்.

இப்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். என் மனைவி அந்த அறையில்தான் இருக்கிறாள். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணன் படித்த கதைகளைப் போட்டுக் கேட்கிறாள். அந்தக் குரல் நிற்கவே இல்லை, பாருங்கள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிவதில்லை. காலம் ஆகும். நானும் அவசரப்படவில்லை. அவள் மனதைத் தேற்ற, அந்த ஒலிப்பதிவுகளை வைத்துக்கொள்ள ஒரு பெட்டி செய்திருக்கிறேன். சிவப்பு மரம்தான், தேய்க்கத் தேய்க்க அழகாக வருகிறது. இன்று காலைகூடத் தேய்த்தேன். அவளுக்கு இந்த இருமல் கொஞ்சம் அடங்கட்டும், காட்டலாம் என்று வைத்திருக்கிறேன்.